ஒளிரும் ஆறு டேனியோக்கள்: ஒரு வீட்டுத் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

பக்கத்து வீட்டுக் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். "நீங்கதான் மீன் வளர்க்கறீங்களே அண்ணா, இதையும் பாத்துக்குங்க. பாப்பா அழுவா, ஆனா அவ்வளவு தூரம் வண்டியில கொண்டுபோக முடியாது" என்றார் அந்த வீட்டுப் பெண். பன்னிரண்டு லிட்டர் தொட்டி. அடியில் வழவழப்பான கண்ணாடிக் கற்கள், பச்சையும் ஊதாவுமாய்ப் பிளாஸ்டிக் செடிகள், மூடியில் பதித்த நீல எல்இடி விளக்கு. உள்ளே செக்கச்செவேலென்று ஒளிரும் ஆறு ஜீப்ரா டேனியோக்கள்.

நான் பதினைந்து வருடமாக மீன் வளர்க்கிறேன். மரபணு மாற்றிய ஒளிரும் மீன்களை வாங்காதீர்கள் என்று பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வந்த ஒன்பது மாதங்களில் அந்தக் கருத்தில் ஒரு பாதி மாறிப்போனது. மறு பாதி முன்பைவிட உறுதியானது. எந்தப் பாதி எது, ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

முதல் இரண்டு நாள் எதையும் மாற்றாமல் கவனித்தேன். தொட்டியோடு ஒரே ஒரு பிளக்தான் வந்தது. ஃபில்டரும் விளக்கும் அதிலேயே சேர்ந்து ஓடின. விளக்கை அணைத்தால் ஃபில்டரும் நின்றுவிடும். அதனால் அந்த வீட்டில் இரவு பகல் எந்நேரமும் நீல வெளிச்சம் எரிந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஃபில்டர் நின்றால் மீன் செத்துவிடும் என்று பயந்து செய்தது.

டேனியோ என்பது ஓயாமல் ஓடும் மீன். தொட்டியின் மேல் மட்டத்தில் கூட்டமாகப் பாய்ந்து, திரும்பி, மறுபடி பாயும். இந்த ஆறும் அப்படி இல்லை. மூன்று மீன்கள் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால், விளக்கு நேராக விழாத மூலையில் ஒட்டி நின்றன. இரண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் வேகமாக அடித்தன. ஆறாவது மீனுக்கு வயிறு ஒட்டிப்போய், துடுப்புகள் உடம்போடு சேர்ந்து மடங்கியிருந்தன. தண்ணீரைச் சோதித்தேன். பூஜ்யமாக இருக்க வேண்டிய அம்மோனியா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். நைட்ரைட் என்ற இன்னொரு நஞ்சும் இருந்தது. ஹீட்டர் 30 டிகிரியில் வைத்திருந்தது. டேனியோவுக்கு அவ்வளவு சூடு வேண்டியதே இல்லை. சூடு கூடக் கூடத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏற்கெனவே அழுக்கேறிய தண்ணீரில் அது இன்னும் மோசம்.

அன்று மாலை ஒரு நண்பர் வந்தார். முப்பது வருடம் மீன் வளர்த்தவர், எனக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர். தொட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "பாருங்க தம்பி, ஜீன்ல கை வச்சா மீன் இப்படித்தான் ஆகும். பாவம், பிறவியே நோவு" என்றார். நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் மகள் வந்தாள். ஆய்வுக்கூடத்தில் ஜீப்ரா மீன்களை (ஜீப்ரா டேனியோவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வைத்து வேலை செய்கிறவள். அவள் சொன்னது வேறு: "சித்தப்பா, இது ஜீன் செஞ்ச வேலை இல்ல, தண்ணி செஞ்ச வேலை. சாதாரண டேனியோவை இதே டப்பாவுல போட்டாலும் இப்படித்தான் நிக்கும். எங்க லேப்ல இதயம் மட்டும் பச்சையா மின்ற மீன் இருக்கு, ரத்தக் குழாய் மட்டும் மின்ற மீன் இருக்கு. எல்லாம் நல்லா ஓடும், சாப்பிடும், முட்டை போடும்."

இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. தண்ணீரைச் சரிசெய்து பார்ப்பது.

மீனுக்குள் என்ன இருக்கிறது

இந்த மீன் எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

1962இல் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்காவில் ஒரு ஜெல்லிமீனிலிருந்து பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை வேறு உயிரினத்தின் செல்லுக்குள் வைத்தால் அதுவும் பச்சையாக ஒளிரும் என்று பின்னால் தெரிந்தது. உடம்புக்குள் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று உயிரோடு இருக்கும்போதே பார்க்க இது வழி திறந்துவிட்டது. 2008இல் ஷிமோமுராவுக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் இருவருக்கும் சேர்த்து வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்புப் புரதம் பவள வகை உயிர்களிலிருந்து வந்தது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜியுவான் கோங் என்பவரின் குழு 1999இல் இந்தப் பச்சைப் புரத மரபணுவை ஜீப்ரா டேனியோ முட்டைக்குள் செலுத்தியது. அவர்களுடைய நோக்கம் அலங்காரம் இல்லை. நீரில் மாசு கலந்தால் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும் மீனை உருவாக்க நினைத்தார்கள். அந்த வழியில் ஒரு படியாக, எப்போதும் ஒளிரும் மீன் பிறந்தது. தசையில் வேலை செய்யும் ஒரு மரபணு ஊக்கியோடு (மரபணுவை இயக்கிவிடும் சுவிட்ச் மாதிரியான பகுதி) இணைத்ததால் உடம்பின் தசை முழுக்க அந்தப் புரதம் நிறைந்தது. அதனால்தான் பகல் வெளிச்சத்திலேயே நிறம் தெரிகிறது. அதை அமெரிக்காவில் யார்க்டவுன் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று, 'குளோஃபிஷ்' என்ற பெயரில் 2003 இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் தைவானில் பச்சையாக ஒளிரும் மெடாக்கா மீனும் விற்பனைக்கு வந்தது. பிறகு விடோ டெட்ரா, டைகர் பார்ப், ரெயின்போ ஷார்க், ஃபைட்டர் என்று வரிசை நீண்டது. 2017இல் ஸ்பெக்ட்ரம் பிராண்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் குளோஃபிஷ் பெயரையும் தொழிலையும் வாங்கிக்கொண்டது.

பலருக்கும் இருக்கும் இரண்டு தவறான எண்ணங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த மீன் இருட்டில் தானாக ஒளிராது. மின்மினிப் பூச்சி மாதிரி தன் ஒளியைத் தானே உண்டாக்கும் உயிர் இல்லை இது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். விளக்கை அணைத்தால் மற்ற மீன் மாதிரிதான் இதுவும். அப்புறம், இதற்கு யாரும் ஊசி போட்டு நிறம் ஏற்றவில்லை. முதல் தலைமுறை முட்டையில்தான் மரபணுவைச் செலுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அப்பா அம்மாவிடமிருந்து நிறத்தை வாங்கிப் பிறந்தவை.

ஊசி விஷயத்தில் என் நண்பருக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. கண்ணாடி மீன் என்று ஒன்று இருக்கிறது, உடம்பின் மறுபக்கம் தெரியும் அளவுக்கு ஊடுருவும் தன்மை கொண்டது. அதன் தோலுக்கடியில் ஊசியால் பல இடங்களில் சாயம் ஏற்றி 'வண்ணக் கண்ணாடி மீன்' என்று விற்றார்கள். அந்த மீனின் அளவுக்கு அந்த ஊசி எப்பேர்ப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். பல மீன்கள் அதிலேயே செத்தன. பிழைத்தவற்றில் நோய் கூடியது. சில மாதத்தில் சாயமும் வெளுத்துவிடும். 1990களில் பிரிட்டனில் மீன் வளர்ப்போர் இதை எதிர்த்து இயக்கமே நடத்தினார்கள். நண்பர் அந்த மீன்களைக் கையில் ஏந்திப் பார்த்தவர். செயற்கையான பளீர் நிறத்தை எங்கே கண்டாலும் அவருக்கு அந்த ஊசிதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த ஆறு மீன்களுக்கு அது பொருந்தவில்லை.

தொட்டியைச் சரிசெய்தது

எழுபத்தைந்து சென்டிமீட்டர் நீளத் தொட்டி ஒன்று காலியாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வேறொரு தொட்டியின் ஃபில்டரிலிருந்து பாதிப் பஞ்சை எடுத்து இதில் வைத்தேன். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டி பழக வாரக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. ஹீட்டரைக் கழற்றினேன். தண்ணீர் 25 டிகிரியில் நின்றது. விளக்குக்குத் தனி பிளக், தனி டைமர். வெள்ளை வெளிச்சம் பத்து மணி நேரம். நீல விளக்கு சாயந்திரம் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் நாங்கள் உட்கார்ந்து பார்க்கும்போது. இரவு முழு இருட்டு.

இருட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. மீனுக்கு இமை கிடையாது. வெளிச்சம் வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொள்ள அதனால் முடியாது. ஜீப்ரா மீன் தூங்குகிறது என்பது ஆய்வில் நிரூபணமான விஷயம். ஆய்வுக்கூடங்களில்கூட 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு என்றுதான் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் மகள் சொன்னாள். இருட்டு கொடுத்த முதல் இரவுக்கு மறுநாள் காலையில் விளக்கு வருவதற்கு முன்பே எழுந்து டார்ச்சைச் சுவரில் அடித்து, அதிலிருந்து பட்டுவந்த வெளிச்சத்தில் பார்த்தேன். ஆறும் தரைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில், ஒரே திசையைப் பார்த்து, அசையாமல் நின்றன. செவுள் மெதுவாக அடித்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு அவை அப்படி நின்றனவோ.

ஒல்லியாக இருந்த மீன் ஐந்தாம் நாள் செத்தது. மற்ற ஐந்தும் பத்து நாளில் தொட்டியின் முழு நீளத்துக்கும் ஓடத் தொடங்கின. மூன்றாவது வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் சத்தத்துக்கே மேலே வந்து குவிந்தன. சாதாரண டேனியோவுக்கும் அவற்றுக்கும் ஓட்டத்தில், தீனியில், ஒன்றையொன்று துரத்துவதில் என் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "நோவு இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா சரின்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"சரின்னு மட்டும் சொல்ல மாட்டேன்"

அவர் அந்த இடத்தில் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் இதே கேள்வி ஒரு அரசாங்க மேசைக்கும் வந்திருக்கிறது.

2003 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் நிலையைச் சொன்னது. அலங்கார மீனை யாரும் உண்பதில்லை. சாதாரண ஜீப்ரா டேனியோ அமெரிக்காவில் வெகுகாலமாக விற்கிறது, அதைவிட இது சூழலுக்கு அதிக ஆபத்து என்பதற்குச் சான்று இல்லை. எனவே இதை ஒழுங்குபடுத்தக் காரணம் இல்லை. கிட்டத்தட்ட அதே நாட்களில் கலிஃபோர்னியா மாநிலத்தின் மீன், வேட்டை ஆணையம் எதிர்மாறாக முடிவெடுத்தது. ஆபத்து குறைவு என்றுதான் அவர்களுக்கும் ஆலோசனை வந்திருந்தது. ஆனாலும் மரபணு மாற்றிய மீன்களுக்கு அங்கே இருந்த தடையிலிருந்து இதற்கு விலக்கு அளிக்க மறுத்தார்கள். வெறுமனே வளர்ப்புப் பிராணியாக வைத்துக்கொள்ள ஒரு புது உயிரை உண்டாக்குவது சரியில்லை, இது அறிவியல் கேள்வி இல்லை, மதிப்பு சார்ந்த கேள்வி என்று ஆணைய உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்த மாநிலத்தில் 2015 வரை இந்த மீனை விற்க முடியவில்லை.

அந்த உறுப்பினரும் என் நண்பரும் சொல்வது ஒன்றுதான். நோயை ஆராய ஒரு மீனின் மரபணுவை மாற்றுவது வேறு, வரவேற்பறைக்கு அழகு சேர்க்க மாற்றுவது வேறு.

இதில் நான் நண்பரோடு பாதி தூரம்தான் போக முடிகிறது. பொன்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அதன் உருவத்தைத் தேர்ந்து தேர்ந்து மாற்றியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் வகை உண்டு, கூர்மையான கல்லில் உரசினால் பை கிழிந்துவிடும். கண் இரண்டும் வானத்தைப் பார்த்து நிலைத்துப்போன வகை உண்டு, அதற்குத் தன் முன்னால் கிடக்கும் தீனி தெரியாது. பலூன் மாலி என்ற மீனுக்கு முதுகெலும்பே வளைந்திருக்கிறது. இவற்றில் ஒன்றுக்குக்கூட வேற்று உயிரின் மரபணு போகவில்லை. எல்லாம் பழைய முறையில் ஜோடி சேர்த்தே வந்தது. என் நண்பர் வீட்டிலும் வானம் பார்க்கும் பொன்மீன் இரண்டு உண்டு. நேராக ஓடி, நேராகப் பார்த்து, கூட்டத்தோடு சேர்ந்து திரியும் சிவப்பு டேனியோவா, அந்தப் பொன்மீனா, எதன் நாள் நன்றாகக் கழிகிறது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை.

மரபணு எங்கிருந்து வந்தது என்பதைவிட அது மீனின் அன்றாடத்தை என்ன செய்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதுதான் மாறிப்போன பாதி.

ஆனால் இந்த மீனை எப்படி விற்கிறார்கள் என்று பார்த்தால் நண்பர் பக்கமே சாய்கிறேன். நீல விளக்கு, ஒளிரும் கல், ஒளிரும் பிளாஸ்டிக் செடி, எல்லாம் ஒரே தொகுப்பாக, சின்னத் தொட்டியோடு வருகிறது. படுக்கையறை விளக்கு வாங்குகிற மனநிலையில்தான் வாங்குகிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் நல்லவர், குழந்தையும் மீன்கள் மேல் உயிராக இருந்தாள். ஆனால் அவர்கள் கையில் வந்து சேர்ந்தது மீன் என்ற எண்ணத்தோடு வரவில்லை. ஓயாமல் ஓடும் ஆறு டேனியோவைப் பன்னிரண்டு லிட்டரில் போடலாம் என்ற எண்ணம் அந்தத் தொகுப்பின் அளவிலேயே இருந்தது. செத்துப்போன அந்த ஒரு மீனுக்கு நான் யாரைக் குற்றம் சொல்வது என்று யோசித்தால், மரபணு கடைசியில்தான் வருகிறது.

முட்டைகள்

நான்காவது மாதம். பழைய தொட்டியில் இருந்த கண்ணாடிக் கற்களைக் குழந்தையின் நினைவாக இதிலும் ஒரு மூலையில் கொட்டி வைத்திருந்தேன். ஒரு சாயந்திரம், நீல விளக்கில் ஏதோ மினுங்குகிறது என்று குனிந்து பார்த்தேன். கற்களின் இடுக்கில், கண் இமை முடி அளவுக்கு, சிவப்பு இழைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரும்புள்ளிகள், அவை கண்கள். எண்ணிக்கொண்டே வந்து இருபத்தி மூன்றில் நிறுத்தினேன்.

டேனியோ விடியற்காலையில் முட்டையைத் தூவிவிடும். ஒட்டாத முட்டை, அப்படியே கீழே விழும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், கண்ணாடி போல் இருக்கும். போட்ட மீனே திரும்பி வந்து தின்றுவிடும். ஆனால் கோலிக்குண்டு மாதிரியான கற்கள் இருந்தால் முட்டை இடுக்கில் விழுந்து தப்பிக்கும். டேனியோ குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் வேண்டுமென்றே செய்கிற ஏற்பாடு அது. அழகுக்குப் போட்ட கல், நான் நினைக்காமலே பொரிப்பகமாகிவிட்டது. இரண்டு மூன்று நாளில் பொரிந்து, மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும் மீன் இது.

ஒளிரும் மீன் எல்லாம் மலடு என்று நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் தொட்டியில் நடந்ததே அதற்குப் பதில்.

மீன் வந்த வாரமே நான் இருக்கும் இடத்தின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். வைத்திருக்கலாம், பெருக்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. எல்லா நாட்டிலும் இந்த அளவுக்குக்கூட இடம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை இறக்குமதி செய்யவோ விற்கவோ அனுமதி இல்லை. 2006இல் நெதர்லாந்தில் அலங்கார மீன் கடைகளில் 1,400 ஒளிரும் மீன்கள் விற்றுப்போயிருந்ததை அரசு கண்டுபிடித்தது. ஜப்பானில் 2023இல், சிவப்பாக ஒளிரும் மெடாக்காவை அனுமதியின்றி வளர்த்ததற்காகச் சிலரைக் காவல்துறை கைது செய்தது. ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே போன முட்டைகளில் தொடங்கிய விவகாரம் அது. வாங்குவதற்கு முன் தன் நாட்டுச் சட்டத்தைப் பார்க்காதவர்கள் இதையெல்லாம் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இருபத்தி மூன்று குஞ்சுகளைக் கேட்டு ஐந்தே நாளில் நான்கு பேர் வந்துவிட்டார்கள். "ரெண்டே ரெண்டு குடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றார் ஒருவர். இன்னொருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "இவ்வளவையும் வச்சு என்ன பண்ணுவீங்க? குளத்துல விட்டுடுங்க, பாவம் பொழச்சுக்கட்டும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை.

குளத்தில் விட்டால்

இதற்குப் பிரேசிலில் விடை கிடைத்திருக்கிறது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் மூரியாயே என்ற பகுதி அலங்கார மீன் பண்ணைகளுக்குப் பேர்போனது. அங்கே உள்ள ஓடைகளில் சிவப்பும் பச்சையுமாய் ஒளிரும் டேனியோக்கள் திரிவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. தப்பிவந்த ஒன்றிரண்டு மீன் இல்லை அவை. அங்கேயே இனப்பெருக்கம் செய்தன, வருடம் முழுக்க முட்டையிட்டன, மழைக்காலத்தில் அது உச்சத்தில் இருந்தது. ஓடையின் பூச்சிகளையும் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று வாழ்ந்தன. பிரேசிலில் இந்த மீனை விற்கத் தடை உண்டு. பண்ணைக் குளத்துக்கும் ஓடைக்கும் நடுவே தண்ணீருக்கு ஒரு வழி இருந்தது, அவ்வளவுதான். தடை காகிதத்தில் இருந்தது, மீன் ஓடையில் இருந்தது.

மறுபக்கச் சான்றுகளும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமில்லை. 2011இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில் சிவப்பு டேனியோவையும் சாதாரண டேனியோவையும் வேட்டை மீன்களோடு விட்டுப் பார்த்தார்கள். சிவப்பு மீன்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக இரையாயின. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோவர்டும் வில்லியம் மியூரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. சிவப்பையும் சாதாரணத்தையும் கலந்து 18 கூட்டங்களை உண்டாக்கி, பதினைந்து தலைமுறை வரை தொடர்ந்து பார்த்தார்கள். பெண் மீன்கள் சிவப்பு ஆண்களைத்தான் அதிகம் விரும்பின. ஆனால் சாதாரண ஆண்கள் முரட்டுத்தனமாகத் துரத்தியடித்துத் தாங்களே துணையைப் பிடித்துக்கொண்டன. ஒரே ஒரு கூட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிவப்பு மரபணு காணாமல் போனது.

இதைப் படித்துவிட்டு ஆபத்தே இல்லை என்று முடித்துவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேட்டை மீன் இருக்கும் நீரில் சிவப்பு டேனியோ இரையாகும், அது இல்லாத சின்ன ஓடையில் எது தின்னும்? முரட்டு ஆண் டேனியோ இருந்தால்தானே சிவப்பு ஆணைத் துரத்தும்? பிரேசில் டேனியோவின் சொந்த மண் இல்லை. சோதனைத் தொட்டியில் சிவப்பைத் தோற்கடித்த போட்டியாளர் அந்த ஓடையில் இல்லை. ஜீப்ரா டேனியோவின் சொந்த நீர் கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்துத் தெற்காசிய ஓடைகள், வயல்கள், குட்டைகள். அங்கே விட்டால் கேள்வியே வேறு, காட்டு டேனியோவோடு கலக்கும். விடோ டெட்ரா தென்னமெரிக்க மீன், டைகர் பார்ப் தென்கிழக்காசிய மீன். எந்த மீன், எந்த நீர் என்று பார்க்காமல் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. ஒளிராத டேனியோவை அந்நிய நீரில் விட்டாலும் அது தப்புதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒளிர்வது அந்தத் தப்பைக் கண்ணுக்குத் தெரியவைக்கிறது. மூரியாயேயில் அவை ஒளிராத மீன்களாக இருந்திருந்தால் இவ்வளவு பேர் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதுதான் உறுதியான பாதி. பன்னிரண்டு லிட்டர் தொகுப்பாக, விளையாட்டுப் பொருள் மாதிரி வீடு வீடாகப் போகிற மீன், பெருகும் மீன், விளையாட்டுப் பொருள் மாதிரியே அலுத்தும் போகும். அலுத்த அன்று "குளத்துல விட்டுடுங்க" என்று ஒரு நல்ல மனம் சொல்லும்.

செய்தவை

கண்ணாடிக் கற்களை எடுத்துவிட்டேன். இப்போது அடியில் மெல்லிய மணல் மட்டும். காலையில் விழும் முட்டையை டேனியோக்களே எட்டு மணிக்குள் தேடித் தின்றுவிடுகின்றன. செடி அடர்ந்த மூலையும் இல்லை, நடுவில் ஒரு மரத்துண்டும் அதில் கட்டிய பாசியும் உண்டு. அந்தப் பாசியை மாதம் ஒருமுறை உதறிப் பார்க்கிறேன். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும் நீரைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. மெல்லிய துணியில் வடிகட்டி, வடித்ததைப் பூந்தொட்டிச் செடிகளின் மண்ணில் ஊற்றுகிறேன். துணியை வெயிலில் காயப்போடுகிறேன். ஒரு மில்லிமீட்டர் முட்டைக்கு அந்த அளவு கவனம் தேவைப்படுகிறது.

இருபத்தி மூன்று குஞ்சுகளில் பதினொன்று வளர்ந்தன. யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னொரு தொட்டியை ஒதுக்கினேன். செலவும் வேலையும் கூடியது, அதில் எனக்கு வருத்தமில்லை, கற்களைப் போட்டது நான். கேட்டவர்களிடம் கொடுக்க முடியாததற்குக் காரணத்தைச் சொன்னேன். இருவர் புரிந்துகொண்டார்கள், ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒளிரும் மீன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால் இன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் முன்பு சொன்ன காரணத்துக்காக இல்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர் கேட்டால், அவர் மனம் நோகும்படி எதுவும் சொல்வதில்லை. தொட்டி எத்தனை லிட்டர், இரவில் விளக்கு அணைகிறதா, எத்தனை மீன் சேர்ந்து இருக்கின்றன, அடியில் என்ன கல், அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறேன். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடுகிறது.

போன மாதம் அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தை வீடியோ அழைப்பில் வந்தாள். மீன்களைக் காட்டச் சொன்னாள். அங்கே மணி எட்டரை, இங்கேயும் அதேதான், டைமர் விளக்கை அணைத்துவிட்டிருந்தது. "மாமா, லைட் போடுங்க, ஒண்ணுமே தெரியல" என்றாள். தூங்குதும்மா, காலையில கூப்பிடு என்றேன். "மீன் தூங்குமா?" என்று கேட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பள்ளிச் சீருடையோடு கூப்பிட்டாள். வெள்ளை வெளிச்சத்தில் ஐந்து பழைய மீன்களும் தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. "எங்க வீட்ல இப்படி ஓடவே ஓடாது" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.